சொட்டு நிற்கும் வரை இறுக்கவும்

நாற்பத்தோரு வயதில் எனக்குப் புது வேலை கிடைத்தது. பழைய வேலையை நான் விட்ட கதையை வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினைந்து வருடம் ஆங்கிலம் எடுத்தேன். ஒரு நாள் தாளாளர் என் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, பிள்ளைகள் எதிரிலேயே, "டீச்சர், நீங்க ஜாஸ்தி விளக்கம் குடுக்குறீங்க. அதான் போர்ஷன் முடிய மாட்டேங்குது" என்றார். "அப்ப நீங்களே வந்து முடிச்சிக்கங்க சார்" என்று சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

கோபம் இறங்கியபோது கையில் வேலை இல்லை. மூன்று மாதம் சும்மா இருந்தேன். அப்போதுதான் கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலைக்கு 'டெக்னிக்கல் ரைட்டர்' வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த செய்தி என்னிடமும் வந்து சேர்ந்தது. ஆலையில் ஓடும் இயந்திரங்களை எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று கையேடு எழுத வேண்டும். அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில், தொழிலாளிகளுக்குத் தமிழில். "ரெண்டு பாஷையும் நல்லா வருமா?" என்று கேட்டார்கள். வரும் என்றேன். "இன்ஜினியரிங் தெரியுமா?" என்றார்கள். "தெரியாது, கத்துக்குவேன்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ! ஆறு மாதம் சோதனைக் காலம், எழுதுகிற கையேடு திருப்தியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்று ஆர்டரில் போட்டிருந்தது.

முதல் நாள் ஆலையின் மேனேஜர் என்னைச் சுற்றிக் காட்டினார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், வேகமாகப் பேசுபவர். மோட்டார் இரைச்சலில் அவர் வாய் அசைவதைப் பார்த்து எழுதிக்கொண்டே ஓடினேன். ஸ்டஃபிங் பாக்ஸ், கிளாண்ட் ஃபாலோயர், லேண்டர்ன் ரிங், இம்பெல்லர், ஸ்லீவ். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தால், நடுநடுவே அவர் சொன்ன 'அப்புறம்' மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

அழலாம் போல இருந்தது. அழவில்லை, சமையலறைக்குள் போனேன். குக்கர் மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்துக்கு கேஸ்கட் என்றுதான் கடையிலேயே கேட்டு வாங்குகிறோம். அதே கேஸ்கட்தான் அங்கே இரண்டு குழாய்களின் நடுவிலும் இருக்கிறது. குக்கருக்கு சேஃப்டி வால்வு உண்டு, அங்கேயும் உண்டு. மிக்ஸிக்குக் கப்ளிங் உண்டு. கொல்லையில் இருக்கிற தண்ணீர் மோட்டாருக்கு ஃபுட் வால்வு உண்டு, வெயில் காலத்தில் பம்புக்குள் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டும், அதன் பெயர் பிரைமிங்காம். நான் பல வருடமாக பிரைமிங் செய்துகொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை! சின்னச் சின்னத் தாளில் பெயர் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். காபி வடிகட்டிக்குக்கூட ஸ்ட்ரெய்னர் என்று ஒட்டியாயிற்று. என் வீட்டுக்காரர் தட்டை வைத்துக்கொண்டு, "ஏம்மா, சாம்பாருக்கு வால்வு தொறந்தாச்சா?" என்பார். தாலுகா ஆபீஸ்காரருக்குக் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

இரண்டு வாரத்தில் அறுபது எழுபது வார்த்தைகள் என் கைக்குள் வந்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. இன்ஜினியரிங் என்றால் என்ன, பெரிய சமையலறை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

சமையலறையில் இல்லாத வார்த்தைகளுக்கு எனக்கு ஒரு ஆள் கிடைத்தார். ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். நான் "தம்பி" என்று கூப்பிட்டாலும் அவருக்கு முப்பத்தெட்டு வயது, தாடியில் நரை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்க்காரர். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து, நான் ஏறும் கடலூர் பஸ்ஸிலேயே அவரும் ஏறுவார். பத்து வருடமாக அதே ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் முதலில் எழுதிய மாதிரிப் பக்கத்தில், நல்ல தமிழாக இருக்கட்டும் என்று, கலைச்சொல் அகராதியைப் பார்த்து வால்வுக்கு 'அடைப்பிதழ்' என்று போட்டிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு கல்யாணம் அக்கா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "தமிழ்ல எழுதுனா ஒங்களுக்குக் கேலியா இருக்கா?" என்று சத்தம் போட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ராத்திரி ஷிப்ட்ல அலாரம் அடிக்கிறப்ப, அடைப்பிதழ மூடுன்னு நான் கத்துனா எவன்க்கா ஓடுவான்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எவனும் ஓட மாட்டான். வால்வு என்றே எழுதினேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் பாடம். அவர் என் பின் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து சொல்லுவார். மனிதருக்கு விளக்கம் சொல்ல வராது, காட்டத்தான் வரும். லேண்டர்ன் ரிங் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். என் கை வளையலைக் காட்டி, "இதுல சுத்தி ஓட்ட போட்டா அதான் லாந்தர் ரிங்கு. ஓட்ட வழியா தண்ணி உள்ள போவும்" என்றார். இணையத்தில் அரைமணி நேரம் படித்தும் புரியாதது அது. முட்லூர் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது.

பதிலுக்கு நான் அவர் மகளின் ஆங்கில நோட்டைத் திருத்தித் தருவேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். அவர் நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாகக் கொண்டு வருவார். நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் காரணம் எழுதி, கீழே பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். எட்டுக்கு மேல் போட்டதில்லை, எனக்குக் கை வராது. "நீங்க பாத்தா ஒரு தப்பு தப்பிக்காதுக்கா" என்று நோட்டை வாங்கி மறுபடி கவரில் சுற்றுவார்.

அந்த நம்பிக்கையோடுதான் என் கையேட்டின் முதல் பக்கங்கள் வந்தபோதும் கையெழுத்துப் போட்டார். ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கையேடு வந்தால், அந்த வேலை செய்கிறவர்கள் 'படித்தேன், இதன்படி நடப்பேன்' என்று கையெழுத்திட வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தொங்க விடுவார்கள். அவர் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. "படிச்சிட்டுப் போடுங்க தம்பி" என்றேன். "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

அந்த நாட்களில் அவரும் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தார். பத்து வருடம் ஆன கான்ட்ராக்ட் தொழிலாளிகளில் ஐந்து பேரைக் கம்பெனி ஆட்களாக எடுக்கப்போகிறார்கள், அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்று மேனேஜரே சொல்லியிருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடையாள அட்டை மாட்டக் கழுத்தில் பச்சை நாடா, கம்பெனி ஆட்களுக்கு நீல நாடா. "எம் பொண்ணு அப்பாவுக்கு எப்ப நீலம் வரும்னு தெனம் கேக்குதுக்கா" என்பார். பட்டியல் அந்த வாரம் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் பம்பு புகைந்தது. இயந்திரங்களைக் குளிர வைக்கத் தண்ணீர் அனுப்பும் பம்பு அது. பக்கத்தில் மாற்றுப் பம்பு இருந்ததால் வேலை நிற்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பம்பின் தண்டில் மாட்டியிருந்த ஸ்லீவ் என்கிற உறை கீறிப் பாழாகிவிட்டது. மறுநாள் காலை விசாரணைக் கூட்டம். எழுதத் தெரிந்தவள் என்று என்னைக் குறிப்பெடுக்க உட்கார வைத்தார்கள்.

மேனேஜர் ஃபிட்டரைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, கிளாண்ட அவ்வளவு டைட் பண்ணா ரோப்பு எரியாம என்னா பண்ணும்? சொட்டு விடணும்னு ஒனக்குத் தெரியாதா? பத்து வருசமா இதத்தான பாக்குற?"

என் பேனா நின்றது. சொட்டு விட வேண்டுமா?

பம்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு வகைக் கயிற்றை வளையம் வளையமாக வைத்து அடைத்திருப்பார்கள். அதுதான் கிளாண்ட் ரோப்பு. அதை அழுத்திப் பிடிக்க இரண்டு நட்டு. தண்டு சுற்றும்போது கயிற்றில் உராயும், சூடாகும். உள்ளே இருந்து சொட்டுச் சொட்டாக வருகிற தண்ணீர்தான் அந்தச் சூட்டைத் தணிக்கிறது. சொட்டு நின்றால் கயிறு எரியும். இதெல்லாம் எனக்கு அந்தக் கூட்டத்தில்தான் தெரிந்தது. என் சமையலறைக் கணக்குப்படி கசிந்தால் கோளாறு. குக்கரில் ஓரமாக ஆவி போனால் விசில் வராது. குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிடுவோம். பழக்கமான புதிதில் பம்பு அறைக்குப் போனபோது, "இது ஏன் ஒழுகுது?" என்று இதே ஃபிட்டரிடம் கேட்டேன். அந்த இரைச்சலில் அவர், "அது அப்படித்தான்க்கா இருக்கும்" என்றார். நான் என்ன எழுதிக்கொண்டேன் தெரியுமா? 'கசிவு உள்ளது. கவனிப்பதில்லை.' ஆங்கிலத்துக்கு முன் எழுதிய தமிழ்க் கையேட்டில், யோசித்து யோசித்து, இப்படி ஒரு வரி போட்டேன்: 'சொட்டு நிற்கும் வரை இரண்டு நட்டுகளையும் இறுக்கவும்.'

ஐயோ, அந்த வரியைத்தான் அவர் செய்திருக்கிறார்.

அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். "கை ஜாஸ்தி ஓடிடிச்சி சார். என் தப்புதான்" என்றார். மேனேஜர் பேனாவால் மேசையைத் தட்டினார். "லிஸ்ட்ல பேர் இருக்குறப்ப இப்படிப் பண்ணி வச்சிருக்க. இத வச்சிக்கிட்டு ஒம் பேர நான் எப்படிப்பா அனுப்புறது?" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். ஃபிட்டர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். தாளாளரிடம் சாக்பீஸைத் தூக்கிப் போட்ட வீராங்கனை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சோதனைக் காலம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் பம்பு அறைக்குப் போனேன். என் பக்கம் அங்கே தொங்கியது. அவர் வேலை செய்யும்போது வரி வரியாக விரல் வைத்துப் படித்திருக்கிறார். பிளாஸ்டிக் உறையின் மேல் ஒவ்வொரு வரிக்குக் கீழும் கிரீஸ் விரல் தடம் இருந்தது. 'சொட்டு நிற்கும் வரை' என்ற இடத்தில் மட்டும் மூன்று நான்கு தடம், ஒன்றன் மேல் ஒன்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இறுக்கியிருக்கிறார்.

சாயங்காலம் பஸ்ஸில் அவர் பின் சீட்டில் வந்து உட்கார்ந்ததுமே திரும்பிக் கேட்டேன். "தெரிஞ்சிக்கிட்டே ஏன் தம்பி செஞ்சீங்க?"

"இந்த மாசம் வேற ரோப்பு வந்துச்சிக்கா. இதுக்கு இப்படித்தான் போலன்னு நெனச்சேன். அச்சடிச்சி மாட்டிருக்காங்க, மேனேஜர் கையெழுத்து இருக்குது, நீங்க வேற எழுதிருக்கீங்க."

"அது சரி, கூட்டத்துல ஏன் சொல்லல?"

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க எழுதுன மொத புஸ்தகம். மொத பக்கத்துலயே தப்புன்னு நான் போய் சொல்லுவனா? எனக்கு என்னா, இன்னும் ரெண்டு வருசம் கழிச்சி லிஸ்ட் வரும். ஒங்களுக்கு மூணு வாரம்தான் இருக்குது."

கூடப் பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படி ஒரு பழியைத் தலையில் போட்டுக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் அவ்வளவு பிரியமும் வந்தது, அதே அளவு எரிச்சலும் வந்தது. சிதம்பரத்தில் இறங்கும்போது, "ஒங்கள யாரு இந்தத் தியாகமெல்லாம் பண்ணச் சொன்னா?" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார், "சொன்னா வேல போயிடுமா?"

"போகலாம்."

"போனா போவட்டும் போ. சாக்பீஸ வச்சிட்டு வந்தவதான நீ?"

அது கோபத்தில் விட்டது. இது அப்படி இல்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அந்த இரைச்சல், அந்த எண்ணெய் வாசனை, தினம் புதிதாக ஒரு சொல், எல்லாமே பிடித்திருந்தது. நாற்பத்தோரு வயதில் ஒரு மாணவியாக இருப்பது எவ்வளவு சுகம் என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விட்டுப் போக மனமே இல்லை. இருந்தாலும் குக்கரில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். பம்பு அறையிலிருந்து அந்தப் பக்கத்தை உறையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தேன். மேசையில் பட்டியல் இருந்தது. ஒரு பெயரின் மேல் பென்சில் கோடு.

"சார், அவர் தப்பா எதுவும் செய்யல. நான் எழுதுனத செஞ்சாரு. இந்த வரி என்னோடது" என்று காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "கீழ 'சரிபார்த்தவர்'னு ஒரு கையெழுத்து இருக்குது பாருங்க. அது ஒங்களோடது" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. இன்றைக்கு ஆர்டர் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். "சொட்... டு. நிற்... கும். வரை." முடித்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "நான் தமிழ் பக்கத்தப் படிக்கலம்மா. சின்ன வயசுலேர்ந்து இங்கிலீஷ் மீடியம், எனக்குத் தமிழ் படிக்க இப்படித்தான் வரும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சி" என்றார். அவரிடம் அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை. ரப்பரை எடுத்துப் பென்சில் கோட்டை அழித்தார். தலைமை அலுவலகத்துக்கு அவரே எல்லாவற்றையும் விளக்கி எழுதினார், தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தே.

எனக்கும் தண்டனை இருந்தது. சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. நியாயம்தான். அதோடு ஒரு புது ஏற்பாடு வந்தது. எந்தப் பக்கமானாலும், அந்த வேலையைச் செய்கிறவர் படித்துத் திருத்தித் தந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அடுத்த மாதம் ஃபிட்டர் கழுத்தில் நீல நாடாவோடு பஸ் ஏறினார். மகள் அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாளாம், காலையில் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

கிளாண்ட் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். பம்பு அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் நேரம் வைத்து, சொட்டுகளை எண்ணி எழுதினேன். எழுதியதை அவரிடம் கொடுத்தேன். "ரெண்டு நாள் குடுங்கக்கா" என்று, மகளின் நோட்டைச் சுற்றும் அதே கவரில் சுற்றி எடுத்துப் போனார். ஒரு பக்கத்துக்கு ரெண்டு நாளா என்று தோன்றியது. சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பஸ்ஸில் முட்லூர் வரைக்கும் கவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிறகு முன்னால் குனிந்து கவரை நீட்டினார். "கோவிச்சிக்கக் கூடாது."

பிரித்தேன். தாள் முழுக்கச் சிவப்பு. மகளின் பேனாவை வாங்கியிருக்கிறார். 'அரைச் சுற்று இறுக்கவும்' என்று நான் எழுதியதற்கு வட்டம் போட்டு, ஓரத்தில், 'நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான்' என்று எழுதியிருந்தார். இன்னும் கீழே, 'ஒடனே மறுபடி இறுக்கக் கூடாது. டீ குடிச்சிட்டு வந்து பாக்கணும். இது எழுதல.' பதினைந்து வருடம் நான்தான் அடுத்தவர் தாளில் சிவப்பு போட்டேன், என் தாளில் யாரும் போட்டதில்லை. ஒரு நொடி என் மூக்கு நுனி சூடாகிவிட்டது, அதை மறைப்பானேன்.

"நான் எழுதுனா சரியாத்தான் இருக்கும்னீங்களே?" என்றேன்.

"நீங்க எழுதுனதாச்சேக்கா. தப்போட மாட்ட விடுவனா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் தடவை படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், எனக்காக இரண்டு நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார். முந்தானையால் துடைத்துக்கொண்டு தாளின் அடியைப் பார்த்தேன். அங்கே, நான் அவர் மகளுக்குப் போடுவது போலவே, வட்டத்துக்குள் மார்க் போட்டிருந்தார். பத்துக்கு ஏழு.

"ஏழுதானா?" என்றேன்.

"எட்டு போடலாம்னுதான் பாத்தேன்" என்றார் அவர். "கை வரல."